அவன் மகளுக்கு அவனைப் பற்றி என்ன எழுதிக் கொடுப்பது?

கடைசிபெஞ்ச் எழுதியது:

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

எனக்கு வயது 64. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவன் போன மாதம் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தான். பெயரைப் போடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் பெரிய எழுத்தில் வந்ததற்கே கூச்சப்பட்ட ஆள். தூக்கத்திலேயே போய்விட்டான். அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் என்னவென்றால், அவன் மகள் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "மாமா, அப்பாவைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கறதையெல்லாம் எழுதிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்சவர் நான் பொறந்ததுக்கு அப்புறம் இருந்த அப்பாதான்" என்றாள். வாங்கி வந்துவிட்டேன். முதல் பக்கத்தில் "நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்" என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். அது யாரோ ஒருத்தர். அவன் நன்றாகத் தீங்கு நினைப்பான். பிடிக்காதவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தான், அதில் பாதியை இங்கே எழுத முடியாது. பேசி முடித்ததும் "வைக்கிறேன்" என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுவான். சிரிப்புக் கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவதற்குள் அவனே சிரித்து, கதை என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போகும். அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று.

அடுத்த சிக்கல்தான் பெரிது. எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. வருஷம், தேதி, வாத்தியார் பெயர், யார் யாருக்கு என்ன உறவு, இதெல்லாம் அவன் இலாகா. யார் என்ன சொன்னார்கள், எந்தக் குரலில் சொன்னார்கள், அதைக் கேட்டு யார் முகம் எப்படிப் போனது என்பது என் இலாகா. நான் கதை சொல்லிக்கொண்டு வந்து நடுவில் நிற்பேன். அவன் நிமிர்ந்து பார்க்காமலே "எழுபத்தெட்டு, அரைப் பரீட்சை லீவு" என்று எடுத்துக் கொடுப்பான். மேலே ஓடும். இப்போது எழுத உட்கார்ந்தால் எல்லாம் பாதிப் பாதியாக வந்து நிற்கிறது. என் ஞாபகம்தான் மங்குகிறதோ என்று முதலில் பயந்தேன். இல்லை, அந்தப் பாதி என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.

உதாரணத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுக்குத் தெரியாமல் ராத்திரியில் இரண்டு பேரும் சைக்கிளில் கடல் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. பாதி வழியில் ஒரு சைக்கிளில் செயின் அறுந்தது. விடியும்வரை தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினோம். யார் சைக்கிள்? அவனுடையது என்பேன் நான். என்னுடையது என்பான் அவன். நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த வழக்கு. இரண்டு பேர் மனைவிமாரும் தீர்ப்புச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். இப்போது எதிர்த்தரப்பு வரவில்லை, நான் நோட்டில் எழுதுவதுதான் தீர்ப்பு. இப்படி ஜெயிப்பதற்குத் தோற்றிருக்கலாம்.

இன்னொன்று. அவன் தன் அப்பாவோடு இரண்டு வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தான். காரணம் எனக்குத் தெரியும். அவன் மனைவிக்குத் தெரியுமா என்பது சந்தேகம். மகளுக்குத் தாத்தா என்றால் உயிர். யாரிடமும் சொல்லாதே என்று அவன் என்னிடம் கேட்டுக்கொண்டதும் இல்லை, சொல்லு என்று சொன்னதும் இல்லை. எழுதலாமா?

கடைசியாக, போனில் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கிறது. பெரும்பாலும் திட்டுதான். அது எத்தனை நாள் இருக்கும், எப்படிப் பத்திரப்படுத்துவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உபகாரம்.

மின்கம்பி எழுதியது:

சார், முதலில் கடைசிக் கேள்வி. அதுதான் அவசரம்.

வாட்ஸப் மெசேஜ் உங்கள் போனில்தான் இருக்கிறது. அவர் கணக்கு போனாலும் உங்களிடம் இருப்பது போகாது. ஆனால் உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் போய்விடும். அந்த சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் "எக்ஸ்போர்ட் சாட்" இருக்கும். "மீடியாவோடு" என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். ரொம்பப் பழைய, பெரிய சாட் என்றால் எல்லாம் ஒரே தடவையில் வராது. முக்கியமான குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஃபார்வர்ட் செய்தோ கம்ப்யூட்டரில் இறக்கியோ வைப்பதுதான் நிச்சயம். இரண்டு இடத்திலாவது வையுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், திடீரென்று பார்த்தால் தூக்கிவாரிப்போடும். வாட்ஸப் கணக்கை யாரும் பயன்படுத்தாமல் 120 நாள் ஆனால் பொதுவாக அவர்களே நீக்கிவிடுவார்கள். அவர் படம் மறைந்துவிடும். சிம்மை யாரும் தொடராவிட்டால் அந்த நம்பர் கொஞ்ச நாளில் வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் போனில் அவர் பெயருக்குக் கீழே யாரோ ஒரு குழந்தையின் படம் வரும். எனக்கு வந்தது. பழைய சாட்டை வேறு பெயரில் மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஃபேஸ்புக் இருந்ததா? குடும்பத்தார் இறப்புக்கான ஆதாரத்தோடு கேட்டால் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றித் தருவார்கள். அதற்குப் பிறகு "இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்" என்ற அறிவிப்பு வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே செய்யலாம்.

நேராப்பேசறவன் எழுதியது:

வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. குரலைத் திரும்பத் திரும்பக் கேக்கறது, நோட்டு எழுதறது எல்லாம் புண்ணைக் கிளறிக்கிட்டே இருக்கறதுதான். துக்கத்துக்கு ஐந்து நிலைன்னு சொல்லுவாங்க, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியா ஏத்துக்கறது. நீங்க முதல் நிலைலயே நிக்கறீங்க. சொந்தக் குடும்பம் இருக்குல்ல, அதைப் பாருங்க. காலம் ஆத்தும்.

இரவுப்பணி எழுதியது:

மேலே எழுதியவருக்கு: அந்த ஐந்து நிலையை 1969-ல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர். அவர் பேசியது சாகக் கிடந்த நோயாளிகளிடம். தன் சாவைத் தானே எதிர்கொள்கிறவர்களைப் பார்த்து எழுதியதை, பின்னால் இருப்பவர்களுக்கும் படிக்கட்டு மாதிரி வைத்துவிட்டோம். நான் இரவுப்பணி நர்ஸ். இத்தனை வருஷத்தில் யாரும் அந்த வரிசையில் ஏறி நான் பார்க்கவில்லை. காலையில் சிரித்துப் பேசி, மத்தியானம் உடைந்து, சாயங்காலம் மின் கட்டணம் கட்டப் போவார்கள். ஸ்ட்ரோப், ஷூட் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் இப்படித்தான் எழுதினார்கள்: துக்கத்தின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவதுதான் இயல்பு என்று. ஐயா நோட்டு எழுதுகிறார், நடுவில் வாட்ஸப்பைப் பற்றி விவரமாகக் கேட்கிறார். இதில் என்ன குறை?

"சொந்தக் குடும்பம்" என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. என் சிநேகிதி இறந்தபோது வேலை செய்த இடத்தில் லீவு கேட்டேன். "என்ன உறவு?" என்றார்கள். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சித்தப்பா என்று போட்டிருந்தால் கிடைத்திருக்கும், அந்தச் சித்தப்பாவை நான் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் அவள் அம்மாவிடம், கணவரிடம் போய் உட்கார்ந்தார்களே தவிர, ஓரமாக நின்ற என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாது, அவர்களைக் குறை சொல்லவில்லை. கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-லேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார், ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்ற பொருளில். ஆஸ்திரேலியாவில் 26,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 14 வருஷமாகத் திரட்டிய தகவல்களை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நெருங்கிய நண்பர் இறந்தவர்களின் உடம்பிலும் மனசிலும் நாலு வருஷம் வரைக்கும் பாதிப்பு தெரிகிறது என்றார்கள்.

அதனால் ஐயா, போன மாதம்தானே என்று அவசரப்படுத்துகிறவர்கள் பேச்சை விடுங்கள். தூக்கமே வராமல், எதிலும் மனசு ஒட்டாமல் மாதக்கணக்கில் போனால் மட்டும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கணக்கு.

நேராப்பேசறவன் எழுதியது:

சரிம்மா. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். எங்க அண்ணன் போனப்ப எனக்கு எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க.

மூத்தவள் எழுதியது:

மாமா, (அப்படியே கூப்பிடுகிறேன்) நான் நோட்டைக் கொடுத்த பக்கத்தில் இருப்பவள். அப்பா போன பிறகு அவருடைய நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டேன். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

முக்கால்வாசிப் பேர் "தங்கமான மனுஷன்மா" என்றார்கள். கண் கலங்கினார்கள். நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஒரே ஒருவர், அப்பாவோடு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர், "உங்கப்பன் ராத்திரியில பல்லைக் கடிப்பான், மூணு மாசம் என்னைத் தூங்க விடலை" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏனென்றால் நானும் கடிப்பேன். அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரே சொன்னார், அப்பா முதல் சம்பளத்தில் தனக்கென்று வாங்கியது ஒரு மவுத்ஆர்கன் என்று. எங்கள் வீட்டில் அப்பா ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை. அந்த மவுத்ஆர்கன் என்ன ஆனது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆகவே பட்டப்பெயர்களை எழுதுங்கள். எழுதக்கூடாத பாதியையும் எழுதுங்கள். அவளுக்கு முப்பது வயதாவது இருக்கும்தானே, தாங்குவாள். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே விட்டுவிடுங்கள். எங்களுக்குத் தேதி வேண்டாம். எப்படி நடந்தார், யாரைக் கண்டால் பயந்தார், எதற்குப் பொய் சொன்னார், அதுதான் வேண்டும். எழுத வரவில்லையா, போனில் ரெக்கார்டரை வைத்துவிட்டு அவளிடம் பேசுங்கள். அவள் குறுக்கே கேட்பாள், அதிலேயே இன்னும் நாலு வரும்.

தாத்தா விஷயம் மட்டும் யோசித்தேன். நானாக இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவேன். ஆனால் நோட்டில் வேண்டாம். நோட்டு வீட்டில் கிடக்கும், அவள் அம்மா எடுத்துப் படிப்பார்கள், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். பேசாமல் இருந்தார் என்பதை எழுதுங்கள். காரணத்தை அவள் வந்து கேட்டால் நேரில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அவளுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

திண்ணைவாத்தியார் எழுதியது:

தமிழ் வாத்தியார் நான், ஓய்வு பெற்றுவிட்டேன். நட்பு என்றதும் எல்லோரும் பிசிராந்தையாரைத்தான் சொல்வார்கள். பார்க்காமலே பழகி, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடத் துணிந்தபோது, வந்து சேர்ந்து கூடவே உயிர் விட்டவர். எனக்கு அந்தக் கதையில் பொத்தியார்மேல்தான் பிரியம். அவரும் சோழனின் நண்பர், கூடவே இருந்த புலவர். தானும் வடக்கிருக்கப் போனார். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் உறையூருக்குத் திரும்பி, அரசன் இல்லாத இடத்தைப் பார்க்கிறார். பல வருஷம் சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டியிருந்த கம்பம் வெறுமையாக நிற்பதைப் பார்த்து அழுவதைப் போல அழுதேன் என்று பாடுகிறார்.

வகுப்பில் இதை நடத்தும்போது "உவமை அணி" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். பாகனுக்கு யானை போனால் துக்கம் மட்டுமில்லை, வேலையும் போகிறது. காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாது. ஐம்பது வருஷத்து நண்பன் போனாலும் அப்படித்தானே, தினமும் சண்டை போட ஓர் ஆள் இல்லை.

பிள்ளை பிறந்த பிறகு பொத்தியார் திரும்பி வருகிறார். அதற்குள் சோழன் நடுகல்லாகிவிட்டான். அந்தக் கல்லிடம்தான் போய், எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். உடனே செத்தவரைக் கொண்டாடுகிறோம், இவர் நடுவில் போய்ப் பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்தாரே, அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் அதுதான் மனதில் ஓடியது. தேவையில்லாமல் பாடம் நடத்தியிருந்தால் மன்னிக்கவும், பழக்க தோஷம்.

ஒரு சின்னச் சேர்க்கை: நீங்கள் "இலாகா" என்றீர்களே, அதை டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980-களில் ஆராய்ந்திருக்கிறார். நெடுநாள் சேர்ந்து வாழ்கிற இருவர் ஞாபகத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எது தெரியும் என்பதைவிட யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நினைவில் வைக்கிறார்கள் என்று. உங்கள் ஞாபகசக்திக்குக் குறைவில்லை, பயப்படாதீர்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மின்கம்பி தம்பி, என் பேரனை வைத்து எக்ஸ்போர்ட் செய்தாயிற்று. பேரன் ஒன்றைக் கேட்டுவிட்டு "யாரு தாத்தா இவரு, உன்னை இப்படித் திட்டறாரு" என்றான். என் வீட்டில் என்னைத் திட்டுவதற்கு இருந்த ஒரே வெளியாள் என்றேன்.

நேராப்பேசறவரே, கோபமில்லை. உங்கள் அண்ணனைப் பற்றி நீங்களும் இங்கே எழுதலாம்.

மூத்தவள் சொன்னபடி செய்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, அவளை வரச் சொல்லி, நடுவில் போனை வைத்துப் பேச ஆரம்பித்தேன். சைக்கிள் கதைக்கு வந்தேன். "உங்கப்பன் சைக்கிள்ல செயின் அறுந்தது" என்றதும், "இல்ல மாமா, உங்க சைக்கிள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் தூங்க வைப்பதற்கு அவளுக்கு அவன் சொன்ன கதையாம் அது. அதில் நான் அழுதேனாம், அவன் சமாதானப்படுத்தினானாம். முழுப் பொய். அழுதது அவன். பக்கத்தில் ஒரு நாய் வந்து நின்றதற்கு அழுதான். இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடினோம். விட்டுக்கொடுக்காமல் பேசுவதில் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாத ஒரு துண்டும் அவளிடம் இருந்தது: வீட்டுக்கு வந்ததும் அடி வாங்கியபோது, போகலாம் என்று சொன்னது தான்தான் என்று தன் அப்பாவிடம் சொன்னானாம். நிஜத்தில் அந்த யோசனை என்னுடையது. அவன் எனக்கு இதைச் சொன்னதே இல்லை.

அதனால் அவன் இலாகா அப்படியே பூட்டிக்கிடக்கவில்லை, யார் யாரிடமோ கொஞ்சம் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அவன் தம்பியையும் கூட வேலை பார்த்த இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசப் போகிறேன். தாத்தா விஷயத்தில் "ரெண்டு வருஷம் பேசலைன்னு தெரியும்" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். அவள் ஒரு பெட்டி நிறைய ஃபோட்டோ கொண்டுவந்திருக்கிறாள். பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோவில் பாதிப் பேரை என்னால் சொல்ல முடிகிறது. படத்துக்குப் பின்னாலேயே பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதலாமா? மை ஊறுமா?

மின்கம்பி எழுதியது:

பால்பாயின்ட் வேண்டாம் சார். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், நாளாக ஆக மையும் கசியலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்பக்கம் காகிதமாக இருக்கும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதுங்கள். பிற்கால கலர் படங்களின் பின்பக்கம் வழவழவென்று இருக்கும், அதில் பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித்தனிக் காகித உறை வாங்கி, உறையின்மேல் பெயர்களை எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள். படம் உள்ளே இருக்கும்போது மேலே எழுதாதீர்கள்.

குரூப் ஃபோட்டோவுக்கு நான் செய்தது: போனில் படம் பிடித்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் போட்டு, அதைப் பிரின்ட் எடுத்துப் பெயர்களை எழுதினேன். தெரியாத எண்ணைக் காலியாக விட்டுவிட்டு அந்தப் பிரின்ட்டையே அவர் தம்பிக்கு அனுப்புங்கள். அவர் நிரப்பி அனுப்புவார்.